எந்த ராஸ் எந்த ராஸோடு? வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கான மீன் தெரிவு

பாசிக்குடாவிலோ காயங்கேணியிலோ நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால், முருகைக் கல்லுக்கு மேலே ஓய்வே இல்லாமல் சுற்றும் மீன்களில் பல ராஸ் (wrasse) எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். வாலை ஆட்டாமல் நெஞ்சுச் செட்டை இரண்டையும் துடுப்புப் போல அடித்து நீந்துவதை வைத்தே அவற்றை அடையாளம் கண்டுகொள்ளலாம். அந்தச் சுறுசுறுப்பும் நிறமும்தான் வீட்டுத் தொட்டிக்கும் அவற்றை விரும்ப வைக்கின்றன. ஆனால் கடல்நீர்த் தொட்டியில் அதிகம் சண்டை பிடிப்பவையும், ஒரு காலையில் தரையில் காய்ந்து கிடப்பவையும், மணலுக்குள் போய்த் திரும்பி வராதவையும் இவைதான்.

கடையில் ராஸ் கேட்பவர்கள் பெரும்பாலும் “இது சாதுவா, முரடா?” என்று ஒரே கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. ஒரு ராஸ் இன்னொன்றோடு ஒத்துப்போவதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன. அது எங்கே தூங்குகிறது, என்ன சாப்பிடுகிறது, தொட்டிக்குள் எத்தனையாவதாக இறங்கியது. முதல் இரண்டும் இனத்தோடு பிறந்தவை. மூன்றாவது முழுக்க வளர்ப்பவர் கையில் இருக்கிறது, அதிகம் தவறுவதும் அங்கேதான்.

தூங்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

500க்கு மேற்பட்ட இனங்கள் உள்ள இந்தக் குடும்பத்தில், தொட்டிக்கு வருபவற்றை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஹாலிகோயரிஸ், கோரிஸ், அனம்ப்ஸிஸ், லெப்பர்ட் ராஸ் எனப்படும் மாக்ரோபாரிங்கோடன் ஆகியவை இரவில் மணலுக்குள் புதைந்து தூங்குபவை. பெயரி ராஸ் (சிர்ரிலாப்ரஸ்), பிளாஷர் ராஸ் (பாராகைலினஸ்), சிக்ஸ்லைன் சேர்ந்த சூடோகைலினஸ் ஆகியவை கல் இடுக்கில் ஒதுங்கி, உடம்பைச் சுற்றி வழுவழுப்பான ஒரு சளிக் கூட்டைச் சுரந்து அதற்குள் தூங்குபவை. காலையில் விளக்குப் போட்டதும் கல்லின் ஓரத்தில் சிலந்தி வலை போல ஏதோ ஆடினால் பயப்பட வேண்டாம். அது மீன் கழற்றிவிட்டுப் போன இரவுப் போர்வை.

மணலில் தூங்கும் மீனை வெறும் கண்ணாடி அடித்தளத்தில் விட்டால், இருட்டத் தொடங்கியதும் புதைய இடம் தேடி மூக்கால் கண்ணாடியை இடிக்கும். இரண்டு மூன்று இரவுகளில் உதடு புண்ணாகும். புண் சீழ் பிடிக்கும், பிறகு சாப்பாடு நின்றுவிடும். எனவே மணல் கட்டாயம், அதுவும் 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்கு. மணிகள் 1 மி.மீ. அளவில், உருண்டையாக இருக்க வேண்டும். ஒரு பிடி மணலை மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள், குத்தினால் அந்த மணல் ஆகாது. நொறுக்கிய முருகைக் கல்லை அடித்தளத்தில் போட்டிருப்பவர்கள் லெப்பர்ட் ராஸ் வாங்கவே கூடாது.

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியில் 5 செ.மீ. ஆழத்துக்கு நிரப்ப ஏறத்தாழ 40 கிலோ மணல் தேவைப்படும். அவ்வளவு போட விருப்பமில்லையென்றால் 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் 7 கிலோ அளவு மணலை நிரப்பிக் கற்களுக்குப் பின்னால் வைத்துவிடலாம். ஒன்று இரண்டு சின்ன ராஸ்களுக்கு அது போதும். கடற்கரையில் போய் மணல் அள்ளுவதற்கு முன் அனுமதி பற்றி விசாரியுங்கள். முருகைக் கல் விடயத்தில் விசாரிக்கவே ஒன்றுமில்லை. கல் முருகைகள் வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை உடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம். உலர் கல்லோ செயற்கைக் கல்லோ வாங்கி மூன்று நான்கு மாதம் ஓடவிட்டால், மீனுக்குத் தேவையான பற்றீரியாவும் சிற்றுயிர்களும் தாமாகவே குடியேறிவிடும்.

புதிதாக வந்த ஹாலிகோயரிஸ் முதல் நாளே மணலுக்குள் போய், ஐந்து நாளானாலும் வெளியே வராமல் இருக்கக்கூடும். இந்த நேரத்தில் தேடிக் கிளறுவதுதான் பெரிய பிழை. கிளறக் கிளற மீன் மிரண்டு இன்னும் ஆழத்துக்குப் போகும், அல்லது பாய்ந்து வெளியே விழும். ஒரு வாரம் பொறுங்கள். நீரில் அமோனியா ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறவில்லையென்றால் அநேகமாக மீன் உயிரோடுதான் இருக்கிறது.

எதைச் சேர்ப்பது, எதைத் தவிர்ப்பது

முதல் ராஸாக ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஹாலிகோயரிஸின் சிறிய மஞ்சள் இனங்களைத் தயங்காமல் சொல்லலாம். இந்து சமுத்திரத்தில் கிடைப்பது ஹாலிகோயரிஸ் லூகோசாந்தஸ், மேற்பாதி மஞ்சளும் கீழ்ப்பாதி வெள்ளையுமானது. பசிபிக்கிலிருந்து வருவது முழு மஞ்சளான ஹாலிகோயரிஸ் கிறைசஸ். இரண்டும் 12 செ.மீ. அளவோடு நின்றுவிடும். முருகையைத் தொடாது, தட்டைப்புழுக்களையும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணி நத்தைகளையும் பொறுக்கித் தின்னும். ஆனால் இரண்டு மஞ்சளையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள். நிறமும் உருவமும் ஒத்த மீனைத்தான் ராஸ் போட்டியாளராகப் பார்க்கும். மஞ்சளோடு சிவப்புப் பெயரி ராஸ் சண்டையில்லாமல் இருக்கும்.

ஹாலிகோயரிஸ் என்ற பெயரை நம்பி எல்லாவற்றையும் வாங்கவும் முடியாது. நம் கடலில் சதுரங்கக் கட்டம் போட்டது போல இருக்கும் ஹாலிகோயரிஸ் ஹோர்டுலேனஸ் 25 செ.மீ. தாண்டி வளரும். நத்தை, துறவி நண்டு, அலங்கார இறால் எதையும் மிச்சம் வைக்காது.

பெயரி ராஸும் பிளாஷர் ராஸும் நீரோட்டத்தில் மிதந்துவரும் சின்னஞ்சிறு உயிரினங்களை உண்பவை. இறாலையும் நத்தையையும் சீண்டாது, மணலும் தேவையில்லை. இவற்றில் கவனிக்க வேண்டியது பால். ராஸ்கள் அநேகமாகப் பெண்ணாக வாழத் தொடங்கி, கூட்டத்தில் பெரியது ஆணாக மாறும் இயல்புடையவை. ஒரு கூட்டத்துக்கு ஓர் ஆண், அதற்கு இரண்டு மூன்று பெண்கள் என்பதே பாதுகாப்பான கணக்கு. நிறம் மங்கிய சின்னப் பெண் மீன்களை முதலில் விட்டு, நிறம் கொழித்த ஆணை இரண்டு வாரம் கழித்து விட வேண்டும். ஆண் முதலில் போனால் தொட்டி முழுவதும் தனதென்று எண்ணிக்கொண்டு, பிறகு வரும் பெண்ணைச் செட்டை கிழியும்வரை துரத்தும். பெண்களே இல்லாமல் தனியாக வைத்த ஆண், மாதங்கள் போகப் போக நிறம் மங்கிவிடுவதும் உண்டு. தன் நிறத்தைக் காட்ட அதற்கு ஆள் இல்லை.

வேறு வேறு பெயரி இனங்களின் ஆண்களை ஒன்றாக வைப்பது 6 அடித் தொட்டியில் முடியும், 4 அடியில் துணிந்து செய்யக்கூடாது. செய்வதானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்குங்கள், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். பிளாஷர் ராஸ் இவற்றைவிடச் சிறியது, பயந்த சுபாவம். அதை எப்போதும் பெயரி ராஸுக்கு முன் விட வேண்டும்.

ஆழ்கடல் பெயரி ராஸ்களைப் பற்றி ஒரு சொல். 2022 இல் மாலைதீவிலிருந்து அறிவியல் பெயர் பெற்ற சிர்ரிலாப்ரஸ் பினிபென்மா போன்றவை 40 முதல் 70 மீற்றர் ஆழத்தில் வாழ்பவை. மட்டக்களப்புக் கடலில் 1942 இல் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பல் கிடக்கும் ஆழத்தை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். அங்கிருந்து அவசரமாக மேலே கொண்டுவரப்பட்ட மீனின் காற்றுப்பை விரிந்து பழுதாகியிருக்கும். கடைத் தொட்டியில் வால் மேலெழும்பி, தலை கீழாகப் போய், அடிக்கடி செட்டை அடித்துச் சமநிலை பிடிக்கும் மீன் அப்படிப்பட்டது. விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள்.

சிக்ஸ்லைன் ராஸ் விரல் நீளம்தான். ஆரஞ்சு உடம்பில் ஆறு நீலக் கோடு, மலிவு, உறுதி, புழுவும் தின்னும். அதனால் எல்லோரும் முதல் மீனாக அதை வாங்குகிறார்கள். ஆறு மாதத்தில் கல்லடுக்கு முழுவதையும் சொந்தமாக்கிக்கொள்ளும். பிறகு விடுகிற பெயரி ராஸோ லெப்பர்ட் ராஸோ அன்றிரவே மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சிக்ஸ்லைன் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, அதுவும் எல்லா மீனும் குடியேறிய பிறகு கடைசியாக. பிளாஷர் ராஸ் இருக்கும் தொட்டியில் அதுவும் வேண்டாம்.

லெப்பர்ட் ராஸ் அழகின் உச்சம், பட்டினியால் சாவதிலும் அதுதான் முன்னுக்கு நிற்கிறது. கடலில் அது மணலிலும் கல்லிலும் உள்ள போராமினிபெரா என்ற நுண்ணோட்டு உயிரிகளையும் கோப்பிபொட்டு என்ற நுண்ணிய கணுக்காலிகளையும் நாள் முழுவதும் கொத்திக்கொண்டே இருக்கும். புதுத் தொட்டியில் இவை இருப்பதில்லை. தொட்டி ஓடத் தொடங்கிக் குறைந்தது 9 மாதம், முடிந்தால் ஒரு வருடம் ஆன பிறகே யோசிக்கலாம். கடைக்காரரிடம் உங்கள் கண் முன்னே உணவு போடச் சொல்லுங்கள். கொத்தி விழுங்கினால் மட்டும் வாங்குங்கள். வாயில் போட்டுத் துப்பினால் வாங்காதீர்கள். முதுகுத் தசை சரிந்து தலைக்குப் பின்னால் கத்தி முனை போலத் தெரிந்தால், அந்த மீனைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

அடுத்தது ஏமாற்றும் குட்டிகள். செம்மஞ்சள் உடம்பில் கறுப்பு விளிம்புள்ள வெள்ளைத் திட்டுகளோடு நிமோ மீனின் தம்பி போல இருக்கும் கோரிஸ் குட்டி 5 செ.மீ. இருக்கும்போது யாரையும் கவரும். வளர்ந்தால் 35 செ.மீ. தாண்டும். கோரிஸ் போர்மோசா 60 செ.மீ. வரை போகும். கடற்பாசித் துண்டு மிதப்பது போல நடிக்கும் ட்ராகன் ராஸ் குட்டியும் அப்படித்தான். வளர்ந்ததும் இரை தேடிக் கல்லைப் புரட்டிக் கண்ணாடியில் போடும். பாசிக்குடாவில் தாராளமாகத் திரியும் மூன் ராஸ் (தலஸ்ஸோமா லுனாரே), நீள மூக்குள்ள பேர்ட் ராஸ் இரண்டும் இறாலையும் சிறு மீனையும் வேட்டையாடுபவை, ஓடியாட 6 அடிக்குக் குறையாத தொட்டி கேட்பவை. அவற்றைக் கடலில் பார்த்து மகிழ்வதே நல்லது.

கிளீனர் ராஸை, நீலக் கோடு போட்ட அந்த மருத்துவரை, வாங்கவே வேண்டாம். பெரிய மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளும் சளியும்தான் அதன் சாப்பாடு. வீட்டுத் தொட்டியில் அது கிடைக்காது, அநேகமானவை சில வாரங்களில் மெலிந்து சாகின்றன. அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில முருகைத் திட்டுகளிலிருந்து எட்டரை வருடம் கிளீனர் ராஸை அகற்றிவைத்துப் பார்த்தபோது, மற்ற மீன்களின் எண்ணிக்கையும் இன வகையும் தெளிவாகக் குறைந்தன. ஒரு கிளீனரைப் பிடிப்பவர் அந்தக் கல்லை நம்பிய எல்லா மீனுக்கும் மருந்துச்சாலையை மூடுகிறார். இன்னொன்று, அதே நிறத்தில் அதே ஆட்டம் ஆடும் பொய்க் கிளீனர் பிளெனி என்ற மீனும் சந்தைக்கு வரும். அதன் வாய் மூக்கு நுனியில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். மற்ற மீன்களின் செட்டையைக் கடித்துத் தின்பது அதன் வேலை.

நம் பக்கத்துத் தண்ணீரும் வெயிலும்

பெரும்பாலான வழிகாட்டல்கள் குளிர்நாட்டுத் தொட்டிக்கு எழுதப்பட்டவை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சூடாக்கி தேவையில்லை, குளிர்த்துவதுதான் பிரச்சினை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியே 31, 32 பாகைக்கு ஏறிவிடும். சூடு ஏற ஏற நீரில் கரையும் ஒட்சிசன் குறையும். சும்மா நிற்கும் மீனுக்கு அது பொறுக்கும், ஓயாமல் நீந்தும் ராஸுக்குப் பொறுக்காது. மூச்சு வேகமாகும், எரிச்சல் கூடும், சண்டையும் கூடும். நீர் மட்டத்துக்கு மேலே ஒரு சிறிய மின்விசிறி சரிவாக வீசினால் 2 முதல் 3 பாகை இறங்கும். ஆனால் அது நீரை ஆவியாக்கியே குளிர்த்துகிறது, கச்சான் நாளில் 4 அடித் தொட்டியில் தினமும் சில லீற்றர் குறையும். அந்தக் குறையை நன்னீரால் நிரப்ப வேண்டும், கடல் நீரால் அல்ல. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

கடல் பக்கத்தில் இருப்பதால் நீர் இலவசம் என்று நினைப்பவர்கள் மாரி காலத்தைக் கவனிக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை வெள்ளம் வாவியை நிரப்பி, முகத்துவாரம் வெட்டுப்பட்டால் செம்மண் நிறத் தண்ணீர் கடலுக்குள் நெடுந்தூரம் போகும். கல்லடிக் கரையில் அள்ளிய நீர் அந்த நாட்களில் கடல் நீரே அல்ல. தேவையான நீரை மே முதல் செப்டெம்பர் வரை, கடல் அமைதியாக, ஆற்று வாய்க்கும் துறைமுகத்துக்கும் தூரமான இடத்தில் எடுத்து, மூடிய பிளாஸ்டிக் பீப்பாவில் இருட்டில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் உப்புச் செறிவை ரிப்ராக்டோமீற்றர் என்ற கருவியில் பார்த்து 1.024 முதல் 1.026 வரை இருந்தால் மட்டும் பாவியுங்கள்.

கரண்ட் போகும் வீடுகளில் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று எப்போதும் சார்ஜோடு இருக்க வேண்டும். 250 லீற்றரில் ஐந்து ராஸ் என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் அதை இயக்கிவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்கு நம் ஊர் வசதியானது. வாவியில் பிடிபடும் பச்சைக் கூனி இறால் பெயரி ராஸின் வாய்க்கே அளவெடுத்தது போல இருக்கும். உப்புப் போட்டுக் காயவைத்த கூனி ஆகாது. பச்சைக் கூனியை அலசி, ஐஸ் தட்டில் சிறு கட்டிகளாக உறையவைத்து, இரண்டு மூன்று நாளாவது குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் விட்ட பிறகு கொடுங்கள். ஒட்டுண்ணிகள் பலவும் அதில் அழியும். கணவாயும் மட்டியும் நெல் மணியளவு நறுக்கிச் சேர்க்கலாம். ராஸ் வேகமாகச் செரிக்கும் மீன். ஒரே வேளையில் நிறையப் போடுவதைவிட, மூன்று வேளை இரண்டு நிமிடத்தில் முடியுமளவு போடுங்கள். பசித்த தொட்டியில்தான் துரத்தல் தொடங்கும்.

மூடி

ராஸ் பாயும். எந்த இனமும் விதிவிலக்கில்லை. விளக்கு திடீரென அணையும்போதும், இன்னொன்று துரத்தும்போதும் பாயும். விரல் நுழையாத இடைவெளியிலும் பெயரி ராஸ் வெளியேறிவிடும். கண்ணாடி மூடி வெப்பத்தை அடைத்துவைக்கும் என்பதால் இங்கே அது பொருந்தாது. மின் வயர் ஓடவிடும் பிவிசி கேசிங்கை நான்கு பக்கமும் வெட்டிச் சட்டமாக ஒட்டி, அதில் 6 மி.மீ. கண்ணுள்ள வெள்ளை நைலோன் வலையை இழுத்துப் பூட்டுங்கள். வலை கிடைக்காவிட்டால் சட்டத்தில் 6 மி.மீ.க்கு ஒன்றாகத் துளையிட்டுத் தங்கூசி நூலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டலாம். அலுமினியச் சட்டம் உப்பில் அரிக்கும். நுளம்பு வலை வெளிச்சத்தைக் குறைக்கும், உப்புப் படிந்து காற்றையும் தடுக்கும். குழாய் இறங்கும் மூலையையும் மறக்காமல் வெட்டிப் பொருத்துங்கள், ஏனெனில் மீன் அந்த மூலையைத்தான் கண்டுபிடிக்கும்.

வரிசையும் முதல் வாரமும்

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறத்தாழ 255 லீற்றர். அதற்கு இப்படி ஒரு வரிசை நன்றாக வேலை செய்யும்: முதலில் பெயரி ராஸ் பெண் இரண்டு, இரண்டு வாரத்தில் அதே இனத்து ஆண் ஒன்று, ஒரு மாதத்தின் பின் மஞ்சள் ஹாலிகோயரிஸ் ஒன்று. தொட்டி வருடத்தைத் தாண்டியதும் லெப்பர்ட் ராஸ் ஒன்று, அதைக் கட்டாயம் பழக்கும் பெட்டிக்குள் (கீழே சொல்லும் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி) வைத்து. ஐந்தோடு நிறுத்துங்கள். 3 அடித் தொட்டிக்கு ஒரு மஞ்சளும் ஒரு சிறிய பெயரி ராஸும் போதும்.

மீன் பெரும்பாலும் கொழும்பிலிருந்து ரிஜிபோம் பெட்டியில் இரவு பஸ்ஸில் வருகிறது. எட்டு மணித்தியாலம் பையில் இருந்த நீரில் அமோனியா சேர்ந்திருக்கும். ஆனால் மீன் வெளிவிட்ட காபனீரொட்சைட் நீரை அமிலமாக்கி, அந்த அமோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்து சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக்கொண்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தால் அமிலம் குறையும், நஞ்சு விழித்துக்கொள்ளும். ஆகவே அனுப்புபவரிடம் அவர் நீரின் உப்புச் செறிவை முன்கூட்டியே கேளுங்கள். கடைகள் பல 1.020 அளவில் வைத்திருக்கும். தனிமைப்படுத்தும் தொட்டியை அதே அளவில் தயாராக வைத்து, பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து இறக்குங்கள். பிறகு நாளுக்கு 0.002 என்ற கணக்கில் உப்பை உயர்த்தலாம்.

தனிமைத் தொட்டியில் நான்கு வாரம். கல் இடுக்கில் தூங்குபவைக்குப் பிவிசி குழாய்த் துண்டுகள், மணலில் தூங்குபவைக்குச் சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு மணல் பெட்டி. செப்பு மருந்து போட வேண்டி வந்தால் அந்தப் பெட்டியில் முருகை மணல் இருக்கக் கூடாது, அது செப்பை உறிஞ்சிவிடும். ஆற்று மணலைக் கழுவிப் போடுங்கள். மருந்தின் அளவை இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றினால்தான் ராஸ் தாங்கும்.

பிறகு முக்கியத் தொட்டியில், துளையிட்ட, கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் பெட்டியைத் தொங்கவிட்டு, புதியதை அதற்குள் 4 முதல் 7 நாள் வையுங்கள். பழைய மீன்கள் பெட்டியை வந்து முட்டும், செட்டையை விரித்துக் காட்டும். அது இயல்பு. அவை அலட்சியமாகக் கடந்து போகத் தொடங்கிய நாளில், காலையில், விளக்கு இன்னும் ஆறு மணித்தியாலமாவது எரியும் நேரத்தில் திறந்துவிடுங்கள். தூங்கும் இடத்தைத் தேட அதற்குப் பகல் வேண்டும்.

திறந்த பின் துரத்திவிட்டுத் திரும்பினால் விட்டுவிடலாம். ஒரே மீனை விடாமல் பின்தொடர்ந்து, வால் நுனி கிழிந்து, அது சாப்பிட வெளியே வராமல் போனால் தலையிட வேண்டும். அடிவாங்கும் மீனைப் பிரித்தால் திரும்ப விடும்போது அதே கதைதான். அடிக்கும் மீனைப் பிடித்துப் பெட்டிக்குள் ஒரு வாரம் போடுங்கள், அதன் எல்லை அந்த ஒரு வாரத்தில் கலைந்துவிடும். கல்லை எல்லாம் கிளறாமல் பிடிக்க, ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தைத் தோளோடு வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, அடியில் கூனியும் ஒரு கூழாங்கல்லும் போட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். மற்ற மீன்களுக்கு அன்று காலை உணவு போடாதீர்கள். முரட்டு மீன்தான் அநேகமாக முதலில் நுழையும். ஒரு வாரத்தின் பின்னும் திருந்தாவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். வாவியில் விட்டால் உவர்நீரில் அது செத்துவிடும். தொட்டியில் தொற்றிய நோயோடு கடலில் விடுவதும் ஆகாது.